இதழ்ச் சந்தா முகவர்

பல பதிப்பகங்கள் வெளியிடும் ஆய்விதழ்களுக்கு நூலகங்களின் சார்பில் சந்தா செலுத்தி, அவை ஒழுங்காக வந்து சேர்வதைக் கண்காணித்து, இணைய இதழ்களாயின் வாசகர் அவற்றைத் திறந்து படிப்பதற்கான ஏற்பாட்டையும் செய்து தரும் இடைநிலை நிறுவனம் நூலகவியலில் சந்தா முகவர் எனப்படுகிறது. நூல் விற்பனையாளரின் வேலை பெரும்பாலும் நூலைக் கொடுத்துப் பணம் பெற்றதும் முடிந்துவிடும். இதழோ ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருப்பது, பெயரும் விலையும் பதிப்பகமும் மாறக்கூடியது என்பதால், முகவரின் பொறுப்பும் ஆண்டு முழுவதும் தொடர்கிறது.

இத்தகைய நிறுவனங்களின் வரலாறு நீண்டது. ஜெர்மனியில் லைப்சிக் நகரில் 1872இல் தொடங்கிய ஹரசோவிட்ஸ், அமெரிக்காவின் பாஸ்டனில் 1881இல் தோன்றிய ஃபாக்சன், ஆம்ஸ்டர்டாமில் 1901இல் நிறுவப்பட்ட ஸ்வெட்ஸ், எல்டன் பி. ஸ்டீவன்ஸ் 1944இல் தொடங்கித் தம் பெயரின் முதலெழுத்துகளையே நிறுவனத்துக்கு இட்ட எப்ஸ்கோ ஆகியவை உலகெங்கும் அறியப்பட்டவை. நூற்றுக்கணக்கான பதிப்பகங்களுக்கு வெவ்வேறு நாணயங்களில், வெவ்வேறு படிவங்களில் தனித்தனியே பணம் அனுப்ப வேண்டிய நூலகத்துக்கு, ஒரே ஆணை, ஒரே பில், உள்நாட்டு நாணயத்தில் ஒரே காசோலை என்ற வசதியை இவை அளித்தன. பதிப்பகங்கள் தரும் கழிவும் நூலகங்கள் தரும் சேவைக் கட்டணமும் முகவரின் வருவாயாக அமைந்தன. பெரிய பதிப்பகங்கள் கழிவைக் குறைக்கத் தொடங்கிய பிறகு, சேவைக் கட்டணத்தின் மீதான சார்பு கூடியது.

இந்திய நூலகங்களில் முகவரின் தேவைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆய்விதழ்களின் சந்தா ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அரசு நிதியாண்டோ ஏப்ரலில் தொடங்குகிறது. இதழ் தொடங்குமுன்பே முழுத் தொகையையும் பதிப்பகங்கள் கேட்கின்றன. பொருள் கைக்கு வருமுன் பணம் கொடுப்பதைத் தணிக்கை விதிகள் எளிதில் ஏற்பதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, வங்கி உத்தரவாதம் கொடுத்து முன்பணம் பெறுவதோ, சில சமயம் தன் பணத்தை முதலில் செலுத்திவிட்டுப் பின்னர் வசூலிப்பதோ முகவரின் கடமையாயிற்று. அந்நியச் செலாவணி விகிதத்தின் ஏற்றத்தாழ்வும் இக்கணக்கில் சேர்ந்துகொள்கிறது.

1990களின் பிற்பாதியில் இதழ்கள் இணையத்துக்கு வந்தபோது வேலை குறையும் என்றே பலரும் எதிர்பார்த்தனர். உண்மையில் அது பெருகியது. அச்சிதழ் அலமாரிக்கு வந்துவிட்டால் நூலகத்துக்குச் சொந்தம். இணைய இதழிலோ நூலகம் பெறுவது படிக்கும் உரிமை மட்டுமே. அந்த உரிமையின் எல்லைகளை, அதாவது யார் படிக்கலாம், எத்தனை பிரதி எடுக்கலாம், பிற நூலகத்துக்குக் கட்டுரை அனுப்பலாமா என்பவற்றை, உரிம ஒப்பந்தம் வரையறுக்கிறது. ஒவ்வொரு பதிப்பகத்துடனும் தனி ஒப்பந்தம், ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பதிவு என்று நூலகர் அலைய நேர்ந்தது. அச்சுச் சந்தாவுடன் இணைய வாசிப்பை இலவசமாகத் தந்த பதிப்பகங்கள் பல, அஞ்சல் உறையின் முகவரிச் சீட்டில் அச்சான சந்தாதாரர் எண்ணைக் கேட்டன. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்ட நூலகத்தில் அவ்வெண் கிடைப்பது அரிது. ஆணை அனுப்பிய முகவரின் கோப்பிலிருந்து அதைப் பெற வேண்டியிருந்தது. பணம் கட்டியும் திறக்கப்படாமலே ஓராண்டைக் கழித்த இதழ்கள் இவ்வாறு உருவாயின. நூலகத்துக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை, ஏனெனில் அச்சிதழ் வராவிட்டால் காலியிடம் கண்ணில் படும். திறக்கப்படாத இணைய இதழ் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இச்சிக்கலைத் தீர்க்க முகவர் நிறுவனங்கள் பொது நுழைவாயில்களை அமைத்தன. ஸ்வெட்ஸ்நெட், எப்ஸ்கோவின் மின்னிதழ்ச் சேவை முதலியவற்றில், பல பதிப்பகங்களின் உள்ளடக்கத்தை வாசகர் ஒரே இடத்தில் தேடி, தம் நூலகம் சந்தா செலுத்திய கட்டுரைகளைத் திறக்க முடிந்தது. பதிவு, உரிமத்தின் நிலை, சந்தாதாரர் எண் ஆகிய மூன்றையும் முகவரே கவனித்தார்.

வாசகர் இன்னார் என்று தளம் அறிந்துகொள்வதற்கு இன்றும் பெரிதும் பயன்படுவது ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் ஒரு நிறுவனத்தின் கணினிகளை அடையாளம் காட்டும் எண்தொகுதி. வளாகத்துக்குள் கடவுச்சொல் வேண்டாம் என்பது இதன் நன்மை; வளாகத்துக்கு வெளியே போனால் கதவு அடைபடும் என்பது குறை. நூலகத்தின் சர்வர் இடையே நின்று வெளியிலிருப்போரையும் வளாகத்தவராகக் காட்டும் பிராக்சி முறைக்கு, கிறிஸ் ஜாகர் 1999இல் உருவாக்கிய ஈஸிபிராக்சி பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 2008இல் அதை நூலகங்களின் கூட்டுறவு நிறுவனமான ஓ.சி.எல்.சி. வாங்கியது. பயனர் தம் நிறுவனத்தின் கணக்கையே எல்லாத் தளங்களிலும் பயன்படுத்த உதவும் ஷிபோலெத் முறை மற்றொரு வழியாகும். இந்தியாவில் இன்ஃபெட் என்னும் கூட்டமைப்பு அதன்மேல் அமைந்தது.

முகவர், பதிப்பகம், நூலகம் ஆகிய மூன்றின் பட்டியல்களும் ஒத்துப்போனால்தான் இந்த நுழைவு வழிகள் பயன்படும். எந்த இதழ் எந்தத் தளத்தில் எந்த ஆண்டு முதல் கிடைக்கிறது என்பதை ஒரே வடிவில் எழுதுவதற்கான கேபார்ட் பரிந்துரை 2010இல் வெளியானது. பயன்பாட்டை ஒரே அளவுகோலால் எண்ணுவதற்கான கவுன்டர் முயற்சி 2002இல் தொடங்கியிருந்தது. இத்தரநிலைகள் பரவப் பரவ, முகவரின் அறிவு முகவரிடம் மட்டுமே தங்கியிருக்க வேண்டிய அவசியம் குறைந்தது.

முன்பணம் இடைநிலையாளரிடம் தங்குவதில் உள்ள ஆபத்து இருமுறை வெளிப்பட்டது. ஃபாக்சனைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட ரோவ்காம், 2003ஆம் ஆண்டுச் சந்தாவுக்காக நூலகங்கள் கட்டிய கோடிக்கணக்கான டாலரைப் பதிப்பகங்களுக்கு அனுப்பாமலே நொடித்தது. எப்ஸ்கோ அதை வாங்கியதாலும், பல பதிப்பகங்கள் இதழ்களை நிறுத்தாது அனுப்பியதாலும் இழப்பு ஓரளவு தணிந்தது. 2014 செப்டம்பரில் ஸ்வெட்ஸ் திவாலானபோது, பணம் கொடுத்துவிட்ட நூலகங்கள் கடன் கொடுத்தோர் வரிசையில் நிற்க நேர்ந்தது. அதன்பின் முகவரின் சேவைத் தரத்தோடு நிதிநிலையையும் நூலகங்கள் ஆராயத் தொடங்கின.

இதற்கு முன்பே வேறொரு இடைநிலையாளர் உருவாகியிருந்தார்: நூலகங்களின் கூட்டமைப்பு. அகடமிக் பிரஸ் 1996இல் தன் இதழ்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பாகக் கூட்டமைப்புகளுக்கு விற்கத் தொடங்கியதிலிருந்து, பெரிய பதிப்பகங்கள் முகவரை விட்டு நேரே பேரம் பேசலாயின. இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கான யூ.ஜி.சி.–இன்ஃபோநெட், தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான இன்டெஸ்ட், கல்லூரிகளுக்கான என்–லிஸ்ட் ஆகிய மூன்றும் 2015இல் இ–சோத்சிந்துவாக இணைக்கப்பட்டன. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் அதை நடத்தியது. இவற்றுள் 2010இல் தொடங்கிய என்–லிஸ்ட் தனியே குறிப்பிடத் தக்கது. நிலையான ஐ.பி. முகவரியோ அதைப் பராமரிக்கும் ஆளோ இல்லாத கல்லூரிகளை மனத்திற்கொண்டு, ஆசிரியருக்கும் மாணவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்குகளைக் கொடுத்து, மையத்தின் சர்வர் வழியாகவே இதழ்களைத் திறந்துவிட்டது. சிறு நகரத்துக் கல்லூரிக்கு இத்துறையில் செய்யப்பட்ட மிகப் பெரிய உதவி இதுவே எனலாம்.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் இப்போக்கை நாடு தழுவியதாக்கியது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறக்கப்படுகின்றன. தேசிய அளவில் இன்ஃப்ளிப்நெட் சந்தாவை ஒருங்கிணைக்கிறது. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களும் முதற்கட்டத்தில் சேர்ந்துள்ளன. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் அதில் இல்லை; தமிழ்நாட்டில் அவற்றின் எண்ணிக்கை பெரிது என்பதால், இங்கு ஏராளமான மாணவர்களுக்கு இதழ் வந்து சேர்வது இன்றும் அவர்களுடைய கல்லூரி தனியே செலுத்தும் கட்டணத்தையும், அதன் முகவர் ஒவ்வோர் ஆண்டும் அனுப்பும் புதுப்பித்தல் பட்டியலையும் பொறுத்தே இருக்கிறது.