ஆவணியும் ஓணமும்

ஓணக் காலத்தில் கேரளத்துக்குப் போக நினைப்பவர் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது, எந்த நாளில் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதைத்தான். அதற்குக் கிடைக்கும் விடை முழுவதும் நட்சத்திரப் பெயர்களாக இருக்கும். சிங்க மாதத்து (நம் ஆவணி) அத்தத்தன்று திருப்பூணித்துறையில் அத்தச்சமய ஊர்வலம். அன்றிலிருந்து வீட்டு முற்றங்களில் பூக்களம். உத்திராடத்தன்று கடைத்தெருவில் நிற்க இடம் இராது. அந்த ஓட்டத்துக்கு உத்திராடப் பாய்ச்சில் என்றே பெயர். திருவோணத்தன்று ஓணக்கோடியும் இலைச் சாப்பாடும். சதயத்தன்று திருச்சூரில் புலிக்களி. உத்திரட்டாதியன்று ஆறன்முளையில் பம்பை ஆற்றில் பள்ளியோடங்கள். ஆங்கிலத் தேதி ஆண்டுக்காண்டு மாறும், நட்சத்திரம் மாறாது. விழாவின் பெயரே ஒரு நட்சத்திரத்தின் பெயர்தான், இருபத்தேழில் இருபத்திரண்டாவது. மாவேலியின் பெயரோ அறுவடையின் பெயரோ அதில் இல்லை. இந்தச் சொல்லின் தடத்தைப் பின்பற்றிப் போனால் தெரிவது இது: ஓணம் முதலில் மாயோனுக்குரிய நாளாகத் தமிழ் வழங்கிய நிலம் எங்கும் கொண்டாடப்பட்டது. மாவேலியின் வருகை அதன்மேல் பிற்பாடு வந்து அமர்ந்தது. கேரளம் அந்த நாளை விடாமல் வைத்துக்கொண்டது. நாம் வைத்துக்கொண்டது அதன் உறவான இன்னொரு சொல்லை.

ஓணம் வடமொழி நட்சத்திரப் பெயரிலிருந்து வந்த சொல் என்றால் சிலருக்கு ஒப்பாது. சிரவணம் எங்கே, ஓணம் எங்கே, ஒலியில் ஒற்றுமையே இல்லையே என்பார்கள். தனியாக வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதன் உடன்பிறப்புகளோடு சேர்த்து வைத்தால் ஐயம் நீங்கும். ஓணத்துக்கு அடுத்த நட்சத்திரம் வடமொழியில் சிரவிஷ்டா. தமிழில் அது அவிட்டம். சிரவண நட்சத்திரத்தில் முழுநிலா வரும் மாதம் சிராவணம். தமிழில் அது ஆவணி. மூன்று சொற்களிலும் தலையில் இருந்த சகரம் ஒரே மாதிரி உதிர்ந்திருக்கிறது. பழைய காலத்தில் பிராகிருத வழியாகத் தமிழுக்கு வந்த சொற்களில் இந்த உதிர்வு வழக்கமானது. சகஸ்ரம் ஆயிரமானதும், சபை அவையானதும், சீகளம் ஈழமானதும், சமணர் அமணர் ஆனதும் இப்படித்தான். பிற்காலத்தில் அதே நட்சத்திரப் பெயர் வடமொழி நூல்களிலிருந்து நேராக மறுபடியும் வந்தபோது சகரம் உதிரவில்லை. சிரவணம் என்றே நின்றது. ஆக, ஓணம் பழைய வரவு, சிரவணம் புதிய வரவு. ஓணம் தமிழ் வாய்க்குள் நெடுங்காலம் புழங்கித் தமிழாகிவிட்ட சொல் என்பதற்கு அந்தச் சகரமின்மையே சான்று. வந்த சொல் என்று ஒப்புக்கொள்வதால் அதன் பழமைக்கு ஒரு குறையும் இல்லை.

இடையில் இருந்த வகரம் என்னவாயிற்று என்ற கேள்விக்கும் விடை உண்டு. வேதகால நட்சத்திரப் பட்டியலில் இதன் பெயர் சிரவணம் அன்று, சிரோணா. தைத்திரீய நூல்கள் அந்தப் பெயரையே சொல்லி, அதற்குரிய தெய்வம் விஷ்ணு என்றும் சொல்கின்றன. சிரோணா, சோணை, ஓணம் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் வழி நேராக இருக்கிறது. வானில் இது வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள். நடுவில் இருப்பது நன்றாகப் பளிச்சிடும். அந்த மூன்றும் உலகளந்தவன் வைத்த மூன்று அடிகள் என்பது பழைய நம்பிக்கை. அதே மூன்றையும் பார்த்து முக்கோல் என்று பெயர் வைத்தவர்களும் நம் முன்னோர்கள்தான். தமிழ்ப் பஞ்சாங்கத்தில் நட்சத்திரங்களுக்குள் இரண்டு மட்டும் எப்போதும் திரு என்ற அடைமொழியோடு வழங்குகின்றன. ஒன்று சிவனுக்குரிய ஆதிரை, மற்றொன்று திருமாலுக்குரிய ஓணம். திருநாகேசுவரத்தை அடுத்த ஒப்பிலியப்பன் கோயிலில் இன்றும் மாதந்தோறும் திருவோணத்தன்று சிரவண தீபம் ஏற்றுகிறார்கள். சிங்க மாதம் என்ற கட்டுப்பாடு இல்லாமல், அந்த நாளை அந்த நாளுக்காகவே கொண்டாடும் பழைய முறையின் எச்சம் அது என்றே நினைக்கிறேன்.

விழாவாக ஓணம் பேசப்படும் மிகப் பழைய இடம் மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய அந்த நெடும்பாட்டில், மாயோனுக்குரிய நாளாக ஓணம் மதுரைத் தெருக்களில் கொண்டாடப்படுகிறது. அங்கே பூக்களம் இல்லை, மாவேலியும் இல்லை. நெற்றியில் தழும்பேறிய மறவர்கள் தங்களுக்குள் மோதுகிறார்கள், யானையை ஓட விடுகிறார்கள், ஊர் கூடி நின்று பார்க்கிறது. கேரளத்தில் குன்னங்குளம் பக்கம் இன்னும் நடக்கும் ஓணத்தல்லு என்ற கைச்சண்டை இதன் நேர் வாரிசு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விழா நாளில் வீரர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மோதும் வழக்கம் அங்கும் இங்கும் ஒரே நாளின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பதைத் தற்செயல் என்று தள்ளவும் மனம் வரவில்லை. சில நூற்றாண்டுகள் கழித்து, 7-ஆம் நூற்றாண்டில், திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பூம்பாவைக்காகப் பாடிய பதிகத்தில் கபாலீச்சரத்தின் மாத விழாக்களை வரிசைப்படுத்துகிறார். ஐப்பசிக்கு ஓணம், கார்த்திகைக்கு விளக்கீடு, மார்கழிக்கு ஆதிரை, தைக்குப் பூசம், பங்குனிக்கு உத்திரம். இந்தப் பட்டியலில் மற்றவை எல்லாம் இன்றும் நாம் அறிந்த விழாக்கள். முதலில் நிற்கும் ஓணம் மட்டும் மயிலைத் தெருக்களில் இன்று யாருக்கும் நினைவில்லை.

இங்கே ஒரு தடை எழும். ஓணம் திருமாலின் நாள் என்றால் சிவன் கோயிலில் அது எப்படி விழாவாகும்? சம்பந்தர் காலத்துக்குள் அந்த நாள் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியது என்ற நிலையைத் தாண்டி ஊர்ப் பொதுவாகியிருந்தது என்பதுதான் பொருந்தும் விளக்கம். பதிகம் அந்த நாளோடு சேர்த்துச் சொல்வது தவத்தோர் உண்பதை. எந்தத் தெய்வத்தின் நாளானாலும் பலருக்குச் சோறிடும் நாள் எல்லோருக்கும் பொதுவாகிவிடும். ஐப்பசி என்ற மாதமும் கவனிக்க வேண்டியது. ஓணம் ஆவணியில்தான் விழாவாக வேண்டும் என்ற விதி அப்போது இல்லை. நிலா இருபத்தேழு நாளுக்கு ஒரு முறை அந்த மீனருகே வருகிறது. எந்த மாதத்து ஓணத்தை விழாவாக்குவது என்பது அந்தந்த ஊரின் விருப்பமாக இருந்திருக்கிறது.

திருவில்லிபுத்தூர் பெரியாழ்வார் தரும் சான்று இன்னும் வலுவானது. கேரளத்து அறிஞர்களும் நம்மவர்களும் இதற்குக் கொடுக்க வேண்டிய இடத்தைக் கொடுக்கவில்லை என்பது என் குறை. திருப்பல்லாண்டில் அவர் தம் குடியினர் ஏழு தலைமுறையாகத் திருமாலுக்கு ஆட்செய்வதைச் சொல்லி, திருவோணத் திருவிழாவைக் குறிப்பிடுகிறார். அதோடு அவர் இணைக்கும் கதை வாமனனுடையது அன்று, இரணியனைக் கொன்ற நரசிங்கத்தினுடையது. பெரியாழ்வார் திருமொழியிலோ ஆய்ப்பாடியில் கண்ணன் பிறந்ததும் கூடியிருந்தவர்கள் திருவோணத்தில் பிறந்தவன் உலகாள்வான் என்று பேசிக்கொள்கிறார்கள். அடுத்த பதிகத்தில் கண்ணன் அத்தத்தின் பத்தாம் நாளில் தோன்றியவன் என்கிறார். கண்ணனுக்கு உரியது ரோகிணி என்பது ஊரறிந்த செய்தியாதலால் உரைகாரர்கள் இதற்குச் சமாதானம் தேடினார்கள். அத்தத்திலிருந்து பின்னோக்கிப் பத்து எண்ணினால் ரோகிணி; முன்னோக்கிப் பத்து எண்ணினால் திருவோணம். கணக்கு இரண்டு பக்கமும் சரியாக வருவது வியப்புத்தான். ஆனால் முந்திய பதிகத்திலேயே திருவோணத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டவர், அடுத்ததில் பின்னோக்கி எண்ணச் சொல்வாரா? அத்தத்தில் தொடங்கிப் பத்தாம் நாள் ஓணத்தில் முடியும் ஒரு விழாக் கணக்கு அவர் காலத்துப் பாண்டி நாட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான், அத்தத்தின் பத்தாம் நாள் என்று புதிர்போலச் சொன்னதும் கேட்பவருக்கு விளங்கும். இன்று கேரளத்து முற்றங்களில் அத்தம், சித்திரை, சோதி, விசாகம், அனிழம் என்று நாளுக்கொரு பெயராகப் பூ வட்டம் விரிவதும் அதே பத்து நாள் கணக்கில்தான்.

ஆக, ஒரே நட்சத்திரத்தோடு மூன்று கதைகள் ஒட்டியிருக்கின்றன: நரசிங்கம், கண்ணன், வாமனன். நாள் திருமாலுடையது என்பது மட்டும் மூன்றுக்கும் பொது. வாமனன் கதைக்கு வடமொழி வழியில் பாகவதம் துணை நிற்கிறது. அவன் பிறந்தபோது சந்திரன் சிரோணையில் இருந்ததாக அது கூறுகிறது. அந்தக் கதையின் மறுபக்கம், தோற்ற அரசன் ஆண்டுக்கொரு முறை தன் மக்களைக் காண வருவது, கேரளத்தில் மட்டும் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். கன்னட நாட்டிலும் மராட்டியத்திலும் தீபாவளிக்கு மறுநாள் பலிபாட்டியமி என்று, கேரளத்தார் மாவேலி என்னும் அதே பலிச் சக்கரவர்த்தியைக் கொண்டாடுகிறார்கள். 1030 வாக்கில் எழுதிய அல்பிரூனி, விரோசனன் மகன் பலியை இலக்குமி ஆண்டுக்கொரு நாள் சிறையிலிருந்து விடுவிப்பதாகத் தீபாவளிக்குக் காரணம் கூறுகிறார். பலி வந்துபோகும் நாள் என்ற எண்ணம் இந்தியாவில் பரவலாக இருந்தது. அதைத் திருமாலின் நட்சத்திர நாளோடு இணைத்ததுதான் கேரளத்தின் தனித்தன்மை. வென்றவனுடைய நாளில் தோற்றவனை வரவேற்கிறார்கள். இதைவிடப் பெருந்தன்மையான ஒரு விழா ஏற்பாட்டை நான் அறியேன்.

கதை பின்னால் வந்து ஒட்டும் என்பதற்கு ஊர்ப் பெயரும் ஒரு சான்று. கொச்சிக்கு அருகில் உள்ள திருக்காக்கரை வாமனன் கோயில்தான் ஓணத்தின் தாய்வீடு. வாமனன் திருக்கால் வைத்த இடமாதலால் திருக்கால்கரை, அதுவே திருக்காக்கரை என்பார்கள். நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடியிருப்பது காட்கரை என்று. கால் என்பதோடு கரை சேர்ந்தால் தமிழ்ப் புணர்ச்சியில் காற்கரை என்றுதான் வரும். டகர ஒற்று லகரத்திலிருந்து பிறக்காது; நாள் நாட்கள் ஆவதுபோல ளகரத்திலிருந்தோ, காடு போன்ற சொல்லிலிருந்தோதான் பிறக்கும். கால் பற்றிய விளக்கம், ஊரின் பழைய வடிவம் மறந்த பிறகு பக்தியால் உண்டானது. அந்தக் கோயில் தெய்வத்தைத்தான் வீட்டுக்கு வீடு மண்ணில் செய்து முற்றத்தில் வைக்கிறார்கள். களிமண்ணை நன்றாகப் பிசைந்து, அடி அகன்று நான்கு பக்கமும் சரிந்து உச்சியில் குறுகும் கூம்பாகப் பிடித்து உலர்த்தி, அரிசிமாவுக் கரைசலை வழியவிட்டு, ஈர்க்கில் கோத்த தும்பைப் பூவை அதில் குத்தி, மாக்கோலமிட்ட பலகையில் நிறுத்தி, அடை படைக்கிறார்கள். சில ஊரில் அதன் பெயர் ஓணத்தப்பன், சில ஊரில் மாதேவர், பெரும்பாலும் திருக்காக்கரையப்பன். கேட்டால் மாவேலி என்பவர்களும் உண்டு. பெயர் சொல்வதோ காட்கரையில் நிற்கும் வாமனனை.

அப்படியானால் ஓணம் வாமனன் விழாதான், மாவேலியைக் கொண்டாடுவது பிழை என்று வாதிடுவோர்க்கு இந்தச் சொல் துணைபோகுமா? போகாது. பெயரின் பழமை பெயர் எப்படித் தொடங்கியது என்பதை மட்டும் சொல்லும். இன்று அந்த நாள் மக்களுக்கு என்ன என்பதை மக்களே சொல்வார்கள். அந்த மக்கள் மாவேலியைத் தேர்ந்துகொண்டிருக்கிறார்கள். 1961-இல் கேரள அரசு ஓணத்தை மாநில விழாவாக்கியபோது அது எல்லா மதத்தாருக்கும் உரியதாயிற்று என்றால், அந்த அரசனின் பொதுமைதான் அதற்கு இடம் கொடுத்தது. அதேபோல், மதுரைக்காஞ்சியையும் மயிலையையும் காட்டி ஓணம் எங்களுடையது என்று நாம் உரிமை பேசுவதும் பொருந்தாது. அந்த நாளில் மதுரையும் மயிலையும் காட்கரையும் ஒரே மொழி வழங்கிய ஊர்கள். அவர்கள் கொண்டாடிய ஒன்றைப் பின்னாளில் ஒரு பகுதியார் காத்தார்கள், இன்னொரு பகுதியார் கைவிட்டார்கள். கொல்லம் ஆண்டின் மாதங்கள் சிங்கம், கன்னி, துலாம் என்று இராசிப் பெயரால் வழங்குவதால், சிரவணத்திலிருந்து வந்த மாதப் பெயர் அங்கே ஆட்சியில் இல்லை; நாள் பெயர் இருக்கிறது. நம்மிடம் ஆவணி இருக்கிறது. ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்களை இரண்டு நாட்டாரும் ஆளுக்கொன்றாக வைத்திருக்கிறோம்.

நாளின் பெயர் விழாவின் பெயராக முழுவதும் மாறிவிட்டதை மலையாளப் பேச்சில் கேட்கலாம். அங்கே ஒன்றாம் ஓணம் என்பது உத்திராடம். திருவோணம் இரண்டாம் ஓணம். அவிட்டம் மூன்று, சதயம் நான்கு. ஒரு நட்சத்திரத்தின் பெயரால் அடுத்தடுத்த நட்சத்திரங்களை எண்ணுகிறார்கள் என்றால், ஓணம் என்ற சொல் வானத்தை விட்டு வந்துவிட்டது என்று பொருள். காணம் விற்றும் ஓணம் உண்ண வேண்டும் என்ற பழமொழியில் ஓணம் இலையில் பரிமாறும் சோறாகவே ஆகிவிட்டது. காணம் அங்கே நிலத்தின்மேல் உள்ள உரிமை. ஆனாலும் பழைய பொருள் இன்னும் ஓரிரு இடங்களில் உயிரோடு இருக்கிறது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் திருவோணத்தன்று தச்சர் குடும்பத்தார் படங்கள் தீட்டிய ஓணவில்லைக் காணிக்கையாகச் செலுத்துவது திருமாலுக்குத்தான். கொல்லம் மாவட்டத்து ஓச்சிறையில், ஊர் ஊராகக் கட்டிய பெரிய காளை உருவங்களை இழுத்து வரும் விழாவின் பெயர் இருபத்தெட்டாம் ஓணம். சிங்கத்துத் திருவோணத்தை முதல் நாளாக வைத்து எண்ணினால், நிலா இருபத்தேழு நட்சத்திரங்களையும் சுற்றிவிட்டு இருபத்தெட்டாம் நாள் மறுபடி ஓணத்துக்கு வரும். அங்கே அந்தச் சொல் இன்றும் நட்சத்திரத்தைத்தான் குறிக்கிறது.