பைத்தான் செயற்கூறுகளில் உள்ளீட்டுச் சரிபார்ப்பு

ஒரு செயற்கூறுக்கு வந்து சேரும் மதிப்புகள் அதன் வேலைக்கு ஏற்றவைதானா என்று, வேலையைத் தொடங்குமுன் சோதித்துப் பார்ப்பது உள்ளீட்டுச் சரிபார்ப்பு. மதிப்பின் தரவினம், எல்லை, நீளம், வடிவம் ஆகியவை சோதிக்கப்படும். பொருந்தாத மதிப்பு வந்தால் செயற்கூறு பிழையை அறிவித்து அங்கேயே நின்றுவிடும். இந்தச் சோதனை இல்லாதபோது தவறான மதிப்பு பல செயற்கூறுகளைக் கடந்து, தொடர்பே இல்லாத இடத்தில் பிழையாக வெளிப்படும். பிழை எதுவும் எழாமல் தவறான விடை கிடைப்பதும் உண்டு. அதுதான் கொடியது, ஏனென்றால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்.

கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட பைத்தான், மாறியின் தரவினத்தை முன்கூட்டி அறிவிக்கச் சொல்வதில்லை. 2015இல் வந்த 3.5 பதிப்பு தரவினக் குறிப்புகளை எழுத ஒழுங்கான முறையை வகுத்தது. ஆனால் நிரல் ஓடும்போது பைத்தான் அவற்றைப் பார்ப்பதில்லை. முழு எண் என்று குறித்த இடத்தில் சரத்தை அனுப்பினாலும் தடுக்காது. மைபை போன்ற கருவிகள் நிரலை ஓட்டாமலே படித்து முரண்களைச் சுட்டும். எனினும் பயனர் படிவத்தில் என்ன தட்டுவார், கோப்பில் என்ன இருக்கும் என்பது ஓடும்போதுதான் தெரியும். அந்த இடத்தில் சோதனையை நிரலர் தம் கையாலேயே எழுதியாக வேண்டும்.

பொருந்தாத மதிப்பை அறிவிக்க இரண்டு விதிவிலக்குகள் வழக்கில் உள்ளன. தரவினமே தவறென்றால் டைப்எரர். இனம் சரியாக இருந்து மதிப்பு ஒவ்வாவிட்டால் வேல்யூஎரர். மொழியோடு வரும் வர்க்கமூலச் செயற்கூறுக்கு ஒரு சரத்தைக் கொடுத்தால் முதலாவதும், −9ஐக் கொடுத்தால் இரண்டாவதும் எழும். அசர்ட் கூற்றைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். பைத்தானை உகப்பாக்க முறையில் இயக்கினால் அசர்ட் கூற்றுகள் முழுவதும் நீக்கப்படும், சோதனையும் அவற்றோடு போய்விடும். நிரலர் தம் தருக்கத்தைத் தாமே சோதித்துக்கொள்ள அது நல்ல கருவி. வெளியார் உள்ளீட்டுக்கு உரியதன்று.

சோதனையை எழுதியவரே ஏமாறும் இடங்கள் இந்த மொழியில் சில உண்டு. மெய், பொய் என்னும் பூலியன் மதிப்புகள் பைத்தானில் முழு எண்ணின் உட்பிரிவு. எனவே வயது முழு எண்ணா என்று மட்டும் கேட்கும் சோதனையில் ‘மெய்’ தடையின்றி நுழைந்து 1 ஆகிவிடும். மதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க ‘இல்லையெனில்’ என்று சுருக்கமாக எழுதினால், பைத்தான் 0ஐயும் இல்லாததாகவே கொள்ளும். தேர்வில் சுழியம் வாங்கிய மாணவரும் தேர்வே எழுதாத மாணவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

மிதப்புப் புள்ளி எண்களில் ‘எண் அல்ல’ என்றொரு சிறப்பு மதிப்பு உண்டு. என், ஏ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் பயனர் தட்டி, நிரல் அதை மிதப்புப் புள்ளி எண்ணாக மாற்றினால்கூட அது பிறந்துவிடும். அதை எந்த எண்ணோடு ஒப்பிட்டு ‘குறைவா’, ‘அதிகமா’ என்று கேட்டாலும் விடை ‘பொய்’தான். மதிப்பெண் 0க்குக் குறைந்தாலோ 100ஐத் தாண்டினாலோ விலக்கு என்று எழுதிய சோதனை அதனால் இதை உள்ளே விட்டுவிடும். பிறகு வகுப்பின் சராசரி முழுவதும் ‘எண் அல்ல’ ஆகும். 0 முதல் 100க்குள் அமையாவிட்டால் விலக்கு என்று எழுதியிருந்தால் அது வாசலிலேயே நிற்கும். கணக்கில் ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரண்டில் பின்னதே பாதுகாப்பானது. எதை விலக்குவது என்று அடுக்குவதைவிட, எதை ஏற்பது என்று வரையறுப்பதே நல்ல முறை.

தமிழ் உரையைக் கையாளும் நிரல்களில் இன்னும் கவனம் தேவை. ஒரு பெயர் எழுத்துகளால் மட்டும் ஆனதா என்று சோதிக்கப் பலரும் நாடும் இஸ்ஆல்ஃபா, ‘மலர்விழி’ என்ற பெயருக்கு ‘பொய்’ என்றே சொல்லும். யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறிகளும் எழுத்து வகையில் சேராமல் குறி வகையில் வைக்கப்பட்டிருப்பதே காரணம். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த நிரலர் இதைக் காணவே மாட்டார். தம் பெயரைத் தமிழில் எழுதியவருக்கோ ‘தவறான பெயர்’ என்ற செய்தி வரும். யூனிகோடின் எழுத்து வகையையும் குறி வகையையும் சேர்த்து ஏற்பது இதற்குத் தீர்வு. நீளக் கட்டுப்பாட்டிலும் இதே சிக்கல் உண்டு. ‘தமிழ்’ என்பது படிப்பவருக்கு மூன்றெழுத்து, பைத்தானின் நீள எண்ணிக்கையில் 5. எண்களிலோ தாராளம். ‘௧௨’ என்ற சரத்தை முழு எண்ணாக்கினால் 12 கிடைக்கும். பத்தைக் குறிக்கும் ‘௰’ இலக்கமாகக் கொள்ளப்படாததால் வேல்யூஎரர் எழும்.

எல்லாச் செயற்கூறுகளிலும் எல்லாவற்றையும் சோதிப்பது வீண். 1980களில் ஐஃபெல் மொழியை வடிவமைத்த பெர்ட்ரண்ட் மேயர், முன்நிபந்தனையை நிறைவேற்றுவது அழைப்பவரின் கடமை, அதையே இரு பக்கமும் திரும்பச் சோதிக்க வேண்டாம் என்று வாதிட்டார். வெளியிலிருந்து தரவு நுழையும் எல்லையில் கறாராகச் சோதித்துவிட்டு உட்புறச் செயற்கூறுகளை நம்புவது நடைமுறையில் நன்றாகப் பயன்படுகிறது. சிலவற்றை முன்கூட்டிச் சோதித்தும் பயனில்லை. கோப்பு இருக்கிறதா என்று பார்த்ததற்கும் திறப்பதற்கும் இடையில் யாரேனும் அதை அழித்துவிடலாம். அங்கே திறக்க முயன்று, பிழை எழுந்தால் கையாள்வதே முறை. தரவுத்தளக் கட்டளைக்குள் தீய உரை நுழைவதையும் சரிபார்ப்பை மட்டும் நம்பித் தடுக்கக் கூடாது. மதிப்பைக் கட்டளையோடு ஒட்டாமல் தனி அளபுருவாக அனுப்ப வேண்டும்.

சாமுவேல் கோல்வின் தொடங்கி 2017இல் வெளிவந்த பைடான்டிக் நூலகம், தரவினக் குறிப்புகளைக் கொண்டே ஓடும்போது சரிபார்க்கிறது. 2023இல் வந்த இதன் 2ஆம் பதிப்பின் உட்கரு ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. இயல்பான நிலையில் ‘12’ என்ற சரத்தை அது எண்ணாக மாற்றி ஏற்றுக்கொள்ளும். மாற்றம் வேண்டாதவர்களுக்குக் கண்டிப்பு முறை உண்டு. எது எதிர்பார்க்கப்பட்டது, எது வந்தது என்று பிழைச் செய்தியில் இரண்டையும் அது காட்டும். திருத்துபவருக்கு இது பேருதவி. ஆனால் வந்த மதிப்பு கடவுச்சொல்லாக இருந்தால் அது பதிவுக் கோப்பில் தங்கிவிடும் என்பதால், உள்ளீட்டைச் செய்தியில் மறைக்கும் அமைப்பும் நூலகத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.