வெண்பனி விழாத ஊரில் விண்டர் டயர் தேவையா? கார் டயருக்குச் செலவழிக்கும் முன் ஒரு கணக்கு!

யூடியூபில் கார் வீடியோ பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் ஒருமுறையாவது வந்திருக்கும். கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர், "விண்டர் வந்தாச்சு, டயர் மாத்தப் போறேன்" என்று நாலு டயரையும் கழற்றி வேறு டயர் போடுவார். அதைப் பார்த்ததும், "நம்ம காருக்கும் இப்படி ஒரு செட் வாங்கிப் போட்டா என்ன? மழைக்கும் மலைக்கும் நல்லா பிடிக்குமே!" என்று தோன்றும். வத்திராயிருப்பு பக்கம் கான்சாபுரத்தில் இருந்தாலும் சரி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தாலும் சரி, தோன்றுவதில் தப்பில்லை. மேற்கே திரும்பினால் மலை, ஐப்பசி பிறந்தால் மழை. ஆனால், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன்னால் விண்டர் டயர் என்றால் என்ன, அது யாருக்கு, நமக்கு உண்மையில் தேவைப்படுவது எது என்று பார்த்துவிடலாம்.

விண்டர் டயர் என்ன செய்கிறது?

டயரின் ரப்பர் குளிர்ந்தால் இறுகும். சாதாரண டயரின் ரப்பர், வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் விறைக்க ஆரம்பித்து, ரோட்டைப் பிடிக்கும் திறனை இழக்கும். விண்டர் டயரின் ரப்பர் கலவை வேறு. கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும்படி அதைத் தயாரிக்கிறார்கள். டயரின் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அவைதான் வெண்பனியைக் கவ்விப் பிடிக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பின்லாந்தில் இன்று நோக்கியன் டயர்ஸ் என்று அறியப்படும் நிறுவனம், 1934-ல் லாரிகளுக்கும் 1936-ல் கார்களுக்கும் இத்தகைய டயரைக் கொண்டுவந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆடம்பரம் கிடையாது. வீட்டுக்குக் கூரை மாதிரி.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை காருக்கு விண்டர் டயர் கட்டாயம். நம்ம தமிழர்கள் நிறைய பேர் இருக்கும் டொரொன்டோ, ஒன்டாரியோ மாகாணத்தில் வருகிறது. அங்கே கட்டாயம் இல்லை. ஆனால், விண்டர் டயர் போட்டால் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு 'வாங்கலாமா, வேண்டாமா' என்ற கேள்விக்கே இடமில்லை. வாங்கத்தான் வேண்டும்.

அதே டயர் நம்ம ரோட்டில் ஓடினால்?

இதைப் புரிந்துகொள்ள கனடா வரை போக வேண்டாம், வயலுக்குப் போனால் போதும். தொழி உழவுக்கு டிராக்டரில் இரும்பு கேஜ் வீல் மாட்டுவதைப் பார்த்திருப்பீங்க. சேற்றில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதே வீலோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடும் நாசம், டிராக்டருக்கும் பிடிமானம் இல்லை. விண்டர் டயரும் அப்படித்தான், ஒரு தரைக்காகச் செய்த சக்கரம்.

நம்ம பக்கம் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. குளிருக்காகச் செய்த மெத்தென்ற ரப்பர் அந்தச் சூட்டில் இன்னும் இளகும். வேகமாகத் தேயும். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரைவிடக் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். திருப்பத்தில் கார் லேசாகத் தளும்புவதுபோல இருக்கும். அதாவது, அதிகச் செலவு செய்து, பாதுகாப்பைக் குறைத்துக்கொள்வதுபோலத்தான்.

"மார்கழியில இங்கயும் பனி கொட்டுதே?" என்று கேட்கலாம். நம்ம மார்கழிப் பனி, ரோட்டில் உறைந்து கிடக்கும் வெண்பனி இல்லை. அது பார்வையை மறைக்கும் பனிமூட்டம். அதற்குத் தேவை நல்ல ஹெட்லைட், ஃபாக் லைட், சுத்தமான கண்ணாடி, குறைந்த வேகம். டயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கொடைக்கானல், ஊட்டி போனால்?

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஊர்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் நல்ல குளிர் உண்டு. ஊட்டியில் புல்வெளி வெள்ளையாக மாறும் அளவுக்கு உறைபனி விழும். ஆனால், வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் ரோட்டை மூடிக்கிடக்கும் வெண்பனி அங்கே இல்லை. வருடத்தில் இரண்டு, மூன்று நாள் டிரிப்புக்காகத் தனி டயர் செட் வாங்குவது வீண். விடியற்காலையில் மலைப்பாதையில் ஓட்டுவதைத் தவிர்த்து, வெயில் வந்த பிறகு கிளம்பினாலே போதும்.

காஷ்மீர், மணாலிக்கு பனி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ரயில் அல்லது விமானத்தில் போய், அங்கே உள்ளூர் வண்டியை வாடகைக்கு எடுப்பார்கள். அதுதான் சரியும்கூட. பனி கொட்டும் ரோட்டில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி ஓட்டுவது அந்த ஊர் டிரைவர்களுக்குப் பழக்கமான வேலை.

'எம்+எஸ்' என்று போட்டிருக்கிறதே, அது என்ன?

சில எஸ்.யூ.வி டயர்களின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் 'எம்+எஸ்' என்ற எழுத்துகள் இருக்கும். 'மட் அண்டு ஸ்னோ' என்பதன் சுருக்கம். அதைக் காட்டி, "இது பனிக்கும் ஆகும் சார்" என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். அது பெரும்பாலும் டயரின் பட்டை வடிவத்தைக் குறித்து தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. சோதனையில் தேறிய விண்டர் டயரில் மூன்று சிகரம் உள்ள மலையும், அதற்குள் ஒரு பனித்துகளும் உள்ள முத்திரை இருக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் வெறும் எம்+எஸ் எழுத்துகளை விண்டர் டயராக ஏற்பதே இல்லை.

அப்போ நமக்கு ஆபத்து எங்கே?

தண்ணீரில்! நம்ம பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அதே சமயத்தில்தான் கார்த்திகை மாலை போட்டு சபரிமலைக்குக் கார்கள் கிளம்பும். திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகப் போய் புளியரையில் மலை ஏறும். இரவு, மழை, வளைவு, எதிரே லாரி, வண்டி நிறைய ஆள்கள். நடுவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலச் சாரலுக்கோ கேரளாவுக்கோ போனால் அங்கே தென்மேற்குப் பருவமழை. ஆக, நம்ம காரின் டயர் வருடத்தில் பாதி மாதங்கள் ஈர ரோட்டைப் பார்க்கும்.

ஒரு டயர் ரோட்டைத் தொடும் பரப்பு ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவுதான். மழையில் அந்த உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் டயரில் இருக்கும் பள்ளங்களின் வேலை. பள்ளம் தேய்ந்துபோனால் தண்ணீர் வெளியேற இடமில்லாமல், டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். இதற்கு ஹைட்ரோபிளேனிங் என்று பெயர். அந்த சில நொடிகளில் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது.

விமான டயர்களை வைத்து அமெரிக்காவின் நாசா 1960-களில் செய்த ஆய்வில் இதற்கு ஒரு கணக்கு கிடைத்தது. பள்ளம் தேய்ந்த டயர், நின்ற தண்ணீரில் எந்த வேகத்தில் மிதக்கும் என்பது அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கின்படி 32 பி.எஸ்.ஐ காற்று இருந்தால் சுமார் 94 கி.மீ வேகம். 24 பி.எஸ்.ஐ மட்டும் இருந்தால் சுமார் 82 கி.மீ. காரில் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது, இன்னும் குறைவான வேகத்திலும் நடக்கலாம். ஆனால், காற்று குறைந்தால் ஆபத்து சீக்கிரம் வரும் என்பது நிச்சயம். பங்க்கில் காற்று பார்க்கும் இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீங்க!

"ஏ.பி.எஸ் இருக்குல்ல?" என்பவர்களுக்கு: 2019 ஏப்ரல் முதல் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ் உண்டு. அது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டயரில் இல்லாத பிடிமானத்தை அது கொண்டுவந்து கொடுக்காது.

எப்போது டயர் மாற்ற வேண்டும்?

புது கார் டயரில் பள்ளத்தின் ஆழம் பொதுவாக 7 முதல் 8 மி.மீ வரை இருக்கும். சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேல் தேவையில்லை. டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடுகள் இருக்கும். தேய்ந்து தேய்ந்து டயரின் மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

ஆனால், 1.6 மி.மீ என்பது கடைசி எல்லை. மழையில் பிடிமானம் அதற்கு முன்பே குறைந்துவிடும். அதனால், மழைக்கால ஓட்டம் அதிகம் உள்ளவர்கள் 3 மி.மீ வந்ததுமே மாற்றுவது நல்லது.

"இன்னும் ஓடுமே, இப்பவே மாத்தினா நஷ்டம்தானே?" நியாயமான கேள்வி. கணக்கு போட்டே பார்ப்போம். ஒரு டயர் 5,000 ரூபாய், நான்குக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8 மி.மீ-ல் தொடங்கி 1.6 மி.மீ வரை தேய 40,000 கி.மீ ஓடுகிறது என்றால், கிலோமீட்டருக்கு 50 காசு. அதே டயரை 3 மி.மீ-ல் மாற்றினால் சுமார் 31,000 கி.மீ ஓடியிருக்கும். கிலோமீட்டருக்கு 64 காசு. வித்தியாசம் 14 காசு! ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வரை போய்வந்தாலும் இந்த வித்தியாசம் ஒரு டீ, வடைக்குத்தான் வரும். அந்தக் காசுக்கு மழையில் நல்ல பிரேக் கிடைக்கிறது. கனடாக்காரர் விண்டர் டயருக்குக் கொடுக்கும் பணத்துக்குச் சமமான நம்ம ஊர்ச் செலவு இதுதான்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* வயது: டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் கடைசி 4 எண்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஆஃபரில் கிடைக்கிறது என்று கடையில் பல வருடம் தூங்கிய டயரை வாங்க வேண்டாம். 5 வருடம் கடந்த டயரை வருடம் ஒருமுறை காட்டிச் சோதிக்க வேண்டும். 10 வருடம் ஆகிவிட்டால், பள்ளம் இருந்தாலும் விடை கொடுத்துவிடுங்கள். அதிகம் ஓடாமல் வாசலில் நிற்கும் கார்களுக்கு இது முக்கியம்.

* அளவு: 185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், அகலம் 185 மி.மீ, பக்கவாட்டு உயரம் அகலத்தில் 65 சதவிகிதம், ரேடியல் டயர், 15 இன்ச் ரிம் என்று பொருள். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதையும், எச் என்பது 210 கி.மீ வரை வேகம் தாங்கும் என்பதையும் குறிக்கும். டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவும் காற்றழுத்தமும் இருக்கும். 'அகலமா போட்டா கெத்து' என்று அளவை மாற்றாதீர்கள். அகலம் கூடினால் மழையில் மிதக்கும் வாய்ப்பும் கூடும்.

* இரண்டு மட்டும் மாற்றினால்: புது டயரை முன்னால் போடத்தான் பலரும் சொல்வார்கள். டயர் நிறுவனங்களின் பரிந்துரை வேறு: புதுசு பின்னால். ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கினால் கார் சுற்றிவிடும், அதைச் சமாளிப்பது கஷ்டம்.

* பட்டை: தண்ணீர் வெளியேற அகலமான நேர்ப் பள்ளங்கள் உள்ள, 'வெட் கிரிப்' நன்றாக இருக்கும் டயரைக் கேளுங்கள். அதிக மைலேஜ் தரும் டயர் எல்லாமே மழையில் நன்றாக நிற்கும் என்று சொல்ல முடியாது.

* மற்ற வேலைகள்: புது டயர் போட்டதும் வீல் அலைன்மென்ட், பேலன்ஸிங் செய்துவிடுங்கள். டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், அலைன்மென்ட்டைச் சரிசெய்யாமல் புது டயர் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுபோல. ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள்.

எந்த டயரும் காப்பாற்றாத இடங்கள்

கண்மாய் மறுகால் பாய்ந்து தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடும்போது, "நம்ம வண்டி போயிடும்" என்று இறங்காதீர்கள். ஓர் அடி ஆழத்துக்கு இழுத்து ஓடும் தண்ணீர் சின்ன காரைத் தூக்கிவிடும். மேற்கு மலையில் மழை பெய்தால் அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரும். தாணிப்பாறை, செண்பகத்தோப்பு பக்கம் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. வண்டியைத் திருப்பிச் சுற்றுவழியில் போவதுதான் புத்திசாலித்தனம்.

வேகமும் அப்படித்தான். 60 கி.மீ வேகத்தில் போகும்போது பிரேக் பிடித்தால் கார் நிற்கும் தூரத்தைவிட, 80-ல் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல் தூரம் வேண்டும். ரோட்டில் தண்ணீர் நின்று கார் மிதப்பதுபோல ஸ்டீயரிங் லேசானால், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சடாரென பிரேக் மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறைய விடுங்கள். மழையில் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டவே வேண்டாம்.

ஆக, விண்டர் டயர் வாங்கலாமா? டொரொன்டோவில் கார் ஓட்டப் போகிற மகனோ மகளோ கேட்டால், "முதல் வேலையா வாங்கு" என்று சொல்லுங்கள். கான்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் மார்க்கெட்டுக்கும், வருடம் ஒருமுறை மலைக்கும் போகிறவர் என்றால் அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் காலையில் உங்கள் காரின் நாலு டயரையும் குனிந்து பாருங்கள். பள்ளம், வயது, வெடிப்பு, காற்று என நாலே விஷயம்தான். அதில் எது சரியில்லையோ அதற்கு அந்தப் பணத்தைச் செலவழியுங்கள். ஐப்பசி மழை வரும்போது நிம்மதியாக வண்டி எடுக்கலாம்!