தண்ணி தெளிவா இருந்தா போதுமா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் குடிநீர் எங்கெல்லாம் கெடலாம்?

ஷிஃப்ட் முடிச்சு ரூமுக்கு வந்ததும் முதல்ல கை போறது தண்ணி பாட்டிலுக்குத்தான். அது ஊராட்சிக் குழாயில் வந்ததா, டேங்கர் லாரியில் வந்ததா, கேனில் வந்ததா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. தெளிவா இருக்கு, வாடை இல்ல, குடிச்சிடுறோம்.

ஆனால் காலராவையும் டைஃபாய்டையும் மஞ்சள் காமாலையையும் கொண்டுவரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. அப்படியென்றால் குடிக்கும் தண்ணீர் பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தப் பகுதிக்கு ஏன் கூடுதல் கவனம் தேவை?

இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என அடுத்தடுத்து சிப்காட் தொழிற்பூங்காக்கள் இருக்கும் பகுதி இது. வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்கள் பெரிய எண்ணிக்கையில் விடுதிகளில் தங்குகிறார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரே குடியிருப்பு வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்கலாம்.

பல நூறு பேருக்கு ஒரே சமையலறை, ஒரே சம்ப், ஒரே மேல்நிலைத் தொட்டி. ஒரு இடத்தில் தப்பு நடந்தால் எல்லோரும் ஒரே நாளில் படுத்துவிடுவார்கள். 2021 டிசம்பரில் இப்பகுதி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதைக் கண்டித்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது பலருக்கும் நினைவிருக்கும். அன்று பிரச்னை உணவு. ஆனால் பொதுத் தொட்டித் தண்ணீரிலும் ஆபத்து இதே வழியில்தான் பரவும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரிக்குத்தான் போகிறது. 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு கொண்ட இந்த ஏரி சென்னையின் முக்கியக் குடிநீர் ஆதாரம். இங்கே கால்வாயில் விடும் கழிவு, நாளைக்கு சென்னைக்காரர் குடிக்கும் தண்ணீரின் பிரச்னை.

தண்ணீர் எங்கே கெடுகிறது?

1. ஏரியிலும் நிலத்தடியிலும்

வீட்டுக் கழிவுநீர் ஏரிக்குள் வந்தால் கிருமிகள் வரும். ஆலைக் கழிவு வந்தால் குரோமியம், ஈயம், நிக்கல் போன்ற உலோகங்கள் வரலாம். கிருமியைக் குளோரின் கொல்லும். உலோகத்தை அது ஒன்றும் செய்யாது.

இதே நெடுஞ்சாலையில் இருக்கும் ராணிப்பேட்டை இதற்குப் பாடம். அங்கே ஒரு குரோமிய ரசாயன ஆலை 1990-களில் மூடப்பட்டது. ஆனால் அது குவித்துவிட்டுப் போன, லட்சம் டன்னுக்கும் அதிகமான கழிவு, ஆலை மூடிய பிறகும் நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஏரி, ஆறு போன்ற நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு ஏற்படுத்தும் ஆலைகள் கூடாது என்று தமிழக அரசு 1989-லேயே ஆணை போட்டது. கெட்ட பிறகு சுத்தம் செய்வதைவிட, கெடாமல் தடுப்பதுதான் சுலபம், செலவும் குறைவு.

2. குழாயில்

சுத்திகரிப்பு நிலையத்தில் நல்ல தண்ணீராகக் கிளம்பியது, வழியில் கெடலாம். நம்ம ஊரில் தண்ணீர் 24 மணி நேரமும் வருவதில்லை. சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் குறையும். அப்போது குழாயில் விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடையும் இருந்தால், கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். மெயின் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் இது இன்னும் மோசமாகும்.

2025 டிசம்பர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் இப்படித்தான் நடந்தது. குடிநீர்க் குழாய் கசிந்த இடத்துக்கு மேலே கழிப்பறை இருந்தது பிறகுதான் தெரியவந்தது. பலர் உயிரிழந்தார்கள். இந்தியாவின் தூய்மையான நகரம் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து விருது வாங்கிய ஊர் அது.

தொழிற்பூங்காக்களில் கூடுதலாக ஒரு ஆபத்து. சென்னை கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை குழாய் வழியாக இந்தப் பகுதி ஆலைகளுக்கு அனுப்பும் திட்டம் 2019-ல் தொடங்கியது. ஏரித் தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல திட்டம். ஆனால் அது இயந்திரங்களுக்கான தண்ணீர், குடிக்க அல்ல. இரண்டு தண்ணீரும் வரும் வளாகத்தில் குழாய்களுக்குத் தனித்தனி நிறம், தெளிவான எழுத்து அவசியம். ரிப்பேர் நேரத்தில் ஒன்றை இன்னொன்றோடு இணைத்துவிட்டால், குடிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

3. தொட்டியிலும் கேனிலும்

மூடி உடைந்த சம்ப், மாதக்கணக்கில் கழுவாத மேல்நிலைத் தொட்டி, எங்கே நிரப்பினார்கள் என்று தெரியாத டேங்கர், வெயிலில் அடுக்கிய கேன். நம்ம கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்துகள் இவைதான்.

எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

பலர் நம்புவது டிடிஎஸ் மீட்டரை. அது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவை மட்டும்தான் காட்டும். சாக்கடை கலந்த தண்ணீரிலும் 'நல்ல' எண் வரலாம்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500. அதன்படி 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குளோரின் போட்ட தண்ணீரென்றால், குழாயில் பிடிக்கும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

இந்த 0.2 ஏன் முக்கியம்? வழியில் கழிவு கலந்தால், அதோடு போராடியே குளோரின் தீர்ந்துவிடும். தொட்டியில் இருந்த குளோரின் கடைசிக் குழாயில் இல்லை என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால் சோதனையைத் தொட்டியில் மட்டும் செய்தால் போதாது, கடைசிக் குழாயிலும் செய்ய வேண்டும். சோதனைக் கருவி சிறியது. மருந்துத் துளி விட்டதும் மாறும் நிறத்தை வைத்து சில நிமிஷத்தில் அளவு தெரிந்துவிடும்.

காய்ச்சினால் எல்லாம் சரியாகுமா?

கிருமிக்கு, ஆம். தளதளவெனக் கொதித்த பிறகு ஒரு நிமிஷம் விட்டாலே போதும். ஆனால் உலோகமும் உப்பும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாவதால் அவற்றின் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும். போர்வெல் தண்ணீரில் சந்தேகம் இருந்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

நீங்க என்ன செய்யலாம்?

* சப்ளை தொடங்கியதும் முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீங்க. கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்க.
* நிறமோ வாடையோ திடீரென மாறினால் குடிப்பதை நிறுத்துங்க. ஒரு வீட்டில் மட்டுமா, தெரு முழுக்கவா என்று விசாரித்து ஊராட்சி அல்லது நகராட்சியில் சொல்லுங்க. முதல்வரின் உதவி மைய எண் 1100-லும் புகார் தரலாம்.
* கேன் வாங்கும்போது 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், தயாரித்த தேதி, உடையாத சீல் மூன்றையும் பாருங்க.
* ஒரே இடத்தில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்க. ஓஆர்எஸ் கரைசல் கொடுக்கத் தொடங்குங்க. மீதமுள்ள தண்ணீரைக் கொட்டிவிடாதீங்க, பரிசோதனைக்குத் தேவைப்படும்.

ஆலையில் இருப்பவர்களுக்கு: குடிநீர்க் குழாய் கழிப்பறை, திறந்த சாக்கடை போன்றவற்றிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 'குடிநீர்' என்று பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த விதி. பாதிப் பேர் இந்தியோ ஒடியாவோ பேசும் இடத்தில் தமிழில் மட்டும் எழுதினால் போதாது.

விடுதியில் இருந்தால் வார்டனிடம் மூன்றே கேள்வி: தண்ணி எங்கிருந்து வருது? தொட்டியைக் கடைசியா எப்போ கழுவினீங்க? கடைசிக் குழாயில் குளோரின் எவ்வளவு இருக்கு? மூன்றுக்கும் பதில் நோட்டில் எழுதி இருந்தால் நிம்மதி. 'தெளிவாத்தானே இருக்கு' என்று பதில் வந்தால், அன்றைக்குக் காய்ச்சிக் குடிங்க, மறுநாள் திரும்பவும் கேளுங்க.