அஸ்ஹரின் ரிவாக்குகள்

கல்வி தேடிப் புறப்படும் மாணவனுக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும். பசியாற ரொட்டி வேண்டும். பாடம் நடக்கும் இடத்திற்கு நேரந்தவறாது போய்ச்சேர வழியும் வேண்டும். இம்மூன்றையும் நம் முன்னோர் எங்ஙனம் ஒன்றுசேர்த்து வைத்தனர் என்பதற்குக் கெய்ரோ மாநகரின் ஜாமிஉல் அஸ்ஹர் சிறந்த சான்றாகும்.

கி.பி. 970-இல் தொடங்கி 972-இல் கட்டி முடிக்கப்பட்ட பள்ளிவாசல் அது. 988-ஆம் ஆண்டில் ஃபாத்திமீ கலீஃபா அல்அஸீஸ், தம் வஜீர் யஃகூப் இப்னு கில்லிஸின் வேண்டுகோளை ஏற்று, அங்கே பாடம் நடத்த 35 சட்ட அறிஞர்களுக்கு உதவிப்பணம் வழங்கினார். பள்ளியை ஒட்டி அவர்கள் தங்க வீடும் கட்டித் தந்தார். அஸ்ஹரில் கல்வி வேரூன்றியபோதே உறைவிடமும் உடன் வேரூன்றிற்று என்பது கருதத்தக்கது.

அருகிலேயே தங்க வேண்டிய அவசியம் என்ன? 1326-இல் கெய்ரோவைக் கண்ட இப்னு பதூதா, அந்நகரில் கழுதைகளையும் கோவேறு கழுதைகளையும் வாடகைக்கு விடுவோர் மட்டும் 30,000 பேர் எனச் சொல்லப்படுவதாக எழுதினார். அத்துணைப் பெரிய நகரம்! ஏழை மாணவனோ வாடகை கொடுத்து ஏறிச் செல்ல இயலாதவன். பஜ்ருத் தொழுகை முடிந்ததும் தூணருகே ஷெய்கு அமர்ந்துவிடுவார். தொலைவிலிருந்து நடந்து வருபவன் பாடத்தின் தொடக்கத்தை இழப்பான்.

இக்குறையை நீக்கியவையே ரிவாக்குகள். தூண் வரிசைகளின் நிழலைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் மாணவர் உறைவிடத்திற்கே பெயராயிற்று. சிரியர், மக்ரிபியர், துருக்கியர், மேல் எகிப்தியர் எனத் தனித்தனி ரிவாக்குகள் அமைந்தன. ஜாவா மாணவர்க்கும் இந்திய மாணவர்க்குங்கூட அங்கே இடம் இருந்தது. வக்ஃபு வருவாயிலிருந்து அவர்களுக்கு ரொட்டி பங்கிடப்பட்டது. மொழி தெரியாத ஊரில் வந்திறங்கிய இளைஞனுக்குத் தன் நாட்டவரின் முகமும் நாளைய உணவும் ஒருங்கே கிட்டின.

ஆயினும் இந்நிழல் எக்காலும் நிலையாக இருந்ததில்லை. ஹிஜ்ரி 818-இல் (கி.பி. 1415) அஸ்ஹரின் பொறுப்பை ஏற்ற அமீர் ஒருவர், அங்கே தங்கியிருந்தோரை வெளியேற்றினார். அவர்கள் தொகை 750 என்றும், அவர்தம் பெட்டிகளும் குர்ஆன் பலகைகளும் வெளியே அகற்றப்பட்டன என்றும் அக்காலத்தில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதி வைத்தார். ஓதும் மாணவனுக்கு அந்தப் பெட்டியும் பலகையுந்தானே வீடு!

பிற்காலத்து நிலையை அறிய தாஹா ஹுஸைனின் ‘அல்அய்யாம்’ என்னும் தன்வரலாறு உதவுகிறது. இளமையிலேயே பார்வை இழந்த அவர், 1902-இல் பதின்மூன்று வயதுச் சிறுவராகக் கெய்ரோவுக்கு வந்தார். அங்கே டிராம் வண்டி ஓடத் தொடங்கி ஆறாண்டுகள் ஆகியிருந்தன. அவரோ பழைய நகரின் குடியிருப்பு ஒன்றில் தமையனாரின் அறையில் தங்கி, கைபிடித்து அழைத்துச் செல்லப்பட்டே அஸ்ஹரை அடைந்தார். வழியை ஓசையாலும் வாசனையாலும் அறிந்தார். மாலையில் தமையனார் நண்பர்களிடம் சென்றுவிட, இருண்ட அறையில் தனித்திருந்ததே அவருக்குப் பெருந்துன்பம். ஊரிலிருந்து உறவினர் ஒருவர் உடன் படிக்க வந்த பிறகே அத்தனிமை நீங்கிற்று. கூரை இருந்தும் துணையில்லாவிடில் உறைவிடம் நிறைவடையாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அச்சிறுவரே 1950-இல் எகிப்தின் கல்வி அமைச்சராகி, இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார்.

1950-களில் அயல்நாட்டு மாணவர்க்கென அப்பாஸிய்யா பகுதியில் தனி மாணவர் நகரம் எழுந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மருத்துவமும் பொறியியலும் அஸ்ஹரில் இடம்பெற்றன. புதிய வளாகம் நஸ்ர் நகரில் விரிந்தது. 1987-இல் மெட்ரோ இரயிலும் ஓடலாயிற்று. மாணவன் இன்று நெடுந்தொலைவு பயணம் செய்து கற்கிறான். தூணருகே உறங்கித் தூணருகே ஓதிய காலம் கடந்துவிட்டது.

ஆனால் ரிவாக்கு உணர்த்திய உண்மை கடந்துவிடவில்லை. அறிஞர்களின் பெயரை வரலாறு போற்றுகிறது. அவர்கள் மாணவராக இருந்த நாளில் ரொட்டிக்கு நிலம் எழுதிவைத்தவர் பெயரோ பெரும்பாலும் மறைந்துபோயிற்று. நம் ஊரிலிருந்து படிக்கச் சென்ற பிள்ளை, பெருநகரில் எங்கே உறங்குகிறான், எவ்வளவு தொலைவு நடக்கிறான் என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா? தருமம் செய்யக் கருதும் அன்பர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுவேயாகும்.