காத்தை அடைச்ச பெட்டி

மரவேலை இப்பதான் பழகுறீங்களா? முதல் ப்ராஜெக்ட்டா ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் செய்யுங்கன்னுதான் நான் சொல்வேன். ஏன்னு புரியணும்னா 1954-க்குப் போகணும்.

அதுவரைக்கும் பேஸ் நல்லா கேட்கணும்னா பெட்டி பீரோ சைஸுக்கு இருக்கணும். எட்கர் வில்ச்சர் இதைத் தலைகீழாக்கினார். கூம்பைப் பிடிச்சிருக்கும் சஸ்பென்ஷனை நல்லா தளர்த்திட்டு, மூடின சின்னப் பெட்டிக்குள்ள அடைபட்ட காத்தையே ஸ்பிரிங்கா மாத்திட்டார். சைக்கிள் பம்ப் வாயை விரலால மூடிட்டு அழுத்திப் பாருங்க, அதே எதிர்ப்புதான். காத்து சீரான ஸ்பிரிங். அதனால ஒலித் திரிபும் குறைஞ்சது. ஹென்றி க்ளாஸோட சேர்ந்து, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ்ல அக்கூஸ்டிக் ரிசர்ச்னு கம்பெனி தொடங்கி ஏஆர்-1 கொண்டுவந்தார். உள்ளே 12 இன்ச் வூஃபர், ஆனா அலமாரித் தட்டுல உட்காரும்! கூடுதல் பவர் குடிக்கும், அது வேற கதை.

அப்புறம் ஆஸ்திரேலியா. 1961-ல நெவில் தீலி துளை வச்ச பெட்டிக்குக் கணக்கு எழுதினார். 70-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை மூடின பெட்டிக்கும் விரிவாக்கினார். டேட்டாஷீட்ல மூணு எண்ணைப் பார்த்தா, எத்தனை லிட்டர் பெட்டி வேணும்னு நாமே போட்டுடலாம். என் மாதிரி கோடிங் ஆளுக்கு இது ஏபிஐ டாக்குமென்டேஷன்.

அதனால அழகான மூட்டெல்லாம் இப்ப வேணாம். எம்டிஎஃப்பை நேரா அறுத்து, பசை தாராளமா விட்டு, கிளாம்ப் போடுங்க. இடுக்கு இருந்தா ஸ்பிரிங் போச்சு. முடிச்சதும் வூஃபரை மெல்ல அழுத்தி, ஒரு நொடி பிடிச்சு விடுங்க. மெதுவா திரும்பினா சீல் சரி. டக்குனு வந்தா எங்கேயோ காத்து ஒழுகுது, பசையை எடுங்க.