ஆங்கில மரபுத்தொடரும் தமிழ் மாணவரும்

ஒரு மொழியின் சொற்களைக் கற்பது வேறு. அதன் மரபுத்தொடர்களைக் கற்பது வேறு. சொல்லின் பொருளை அகராதி கூறும். தொடரை எவரிடத்து, எப்பொழுது வழங்கலாம் என்பதைப் பழக்கமே கற்பிக்கும். ஈழத்துத் தமிழர் ஆங்கிலம் கற்ற வரலாறு இதற்குச் சான்று பகரும்.

1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபரானார். அங்கு ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. பொறுப்பை உதறுவோனைக் 'கை கழுவினான்' என்பதுபோல விவிலியத்திற் பிறந்த ஆங்கிலத் தொடர்கள், அந்நூலைப் பயின்ற மாணவர்க்கு எளிதில் விளங்கின. வாழ்க்கையில் அறியாத பொருள்களிற் பிறந்த தொடர்களோ அவ்வாறு விளங்குவன அல்ல.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியார் மறுதிசையில் முயன்றார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1842இல் நூலாக்கினார். பின்னர்ச் சென்னையில் வெளிவந்த பதிப்பில் 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகள் இடம்பெற்றன. இவ்வாறு இரு மொழிகளையும் அருகருகே வைத்து நோக்குவதே மரபுத்தொடரைக் கற்கும் நல்வழியாகும்.

செட்டிகுளத்து வயலில் நெல் தூற்றும் உழவனுக்கு, 'வெயில் உள்ளபோதே வைக்கோலை உலர்த்து' என்னும் ஆங்கில முதுமொழி புதியதன்று. 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என அவன் முன்னரே அறிவான். வெயிலும் காற்றும் வேறு, கருத்து ஒன்றே. 1914இல் தலைமன்னார் இருப்புப்பாதை செட்டிகுளத்தினூடாகத் திறக்கப்பட்டது. 'தடம் புரண்டான்', 'பச்சைக்கொடி காட்டினார்' என்னும் தொடர்கள் இருப்புப்பாதை தமிழுக்கு அளித்த கொடைகளாம். மக்கள் கண்ட காட்சியே தொடராகின்றது.

ஆயினும் பொருள் அறிவது மட்டும் போதாது. 'கிக் த பக்கற்' என்னும் தொடர் இறத்தலைக் குறிக்கும். 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட இழிவழக்கு அகராதியிலேயே அது காணப்படுகின்றது. அதனை ஓர் இரங்கற் கடிதத்தில் எழுதுவோன், சாவீட்டில் நின்று 'மண்டையைப் போட்டார்' என்பவனை ஒப்பான். துஞ்சினார் என மங்கலமாகக் கூறுதலைத் தகுதி வழக்கென நன்னூல் வகுத்தது. அந்த இலக்கணத்தை அறிந்த தமிழ் மாணவன், ஆங்கிலத்திலும் அத்தகைய தகுதி உண்டென்பதை எளிதில் உணர்வான்.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது; நாட்டுப்புறப் பிள்ளைக்கும் கல்வியின் வாயில் திறந்தது. 1987இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கிற்று. ஆதலின் வன்னி மாணவனின் விண்ணப்பமும் நேர்முகத் தேர்வும் பல வேளைகளில் ஆங்கிலத்தைச் சார்கின்றன. அங்கு இடமறியாது இட்ட ஒரு தொடர், அவன் கற்ற கல்வி முழுவதையும் பிறர் ஐயுறச் செய்துவிடும்.

எனவே ஒரு தொடரைக் கற்கும்போது மூன்றை வினவுதல் வேண்டும்: அதன் பொருள் யாது? அதனை யார் யாரிடம் கூறுவர்? பேச்சுக்குரியதா, எழுத்துக்குரியதா? விடை தெளியாதவிடத்து நேரிய எளிய சொல்லே நன்று. அணிகலன் இல்லாமை குறையன்று. பொருந்தா அணிகலனே நகைப்புக்கு இடமாகும்.